ஒரே சபை, பல வேண்டுதல்கள்

லாரன்ஸ் டெர்மட் லண்டனில் பெயின்டர் வேலை பார்த்த அயர்லாந்துக்காரர். 1756இல் அவர் வெளியிட்ட 'அகிமான் ரெசோன்', ஃப்ரீமேசன்கள் என்ற சடங்குச் சங்கத்தாரில் ஒரு பிரிவினருக்கான சட்ட நூல். சபை கூடும்போது சொல்வதற்கென்று கிறிஸ்தவர்களுக்கு ஒரு வேண்டுதலையும் யூதர்களுக்கு ஒரு வேண்டுதலையும் அதே நூலில் அவர் அச்சிட்டிருந்தார். இங்கிலாந்தில் யூதர்களுக்கு நாடாளுமன்றத்தில் இடமில்லாத காலம் அது. சங்கத்துக்கு வெளியே ஒன்றாக மண்டியிட வாய்ப்பே இல்லாத இரு தரப்பாருக்கும் ஒரே நூலில் இடம் கொடுத்தது அன்றைக்குச் சாதாரணக் காரியமல்ல.

டெர்மட்டின் பிரிவு 1751இல் உருவானது. அதற்கு முன்பே, 1717இல் தொடங்கியதாக மரபாகச் சொல்லப்படும் கிராண்ட் லாட்ஜ் என்ற தலைமைச் சபை ஒன்று லண்டனில் இருந்தது. பின்னால் வந்தவர்கள் தங்களைப் பழையோர் என்றும் முன்னால் இருந்தவர்களைப் புதியோர் என்றும் அழைத்தார்கள். அந்தப் பெயர்களே நிலைத்தன. வேண்டுதல்களைக் கைவிட்டீர்கள், அடையாளச் சொற்களை முன்பின்னாக மாற்றினீர்கள், தலைவர் பதவியேற்புச் சடங்கைப் புறக்கணித்தீர்கள் என்று பழையோர் அடுக்கிய குற்றச்சாட்டுகள் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஓயவில்லை. காஞ்சிபுரத்தில் வடகலை, தென்கலையார் எந்தத் தனியனை, அதாவது துதிச் செய்யுளை, முதலில் சொல்வது என்று நீதிமன்றம் வரை போன கதை தெரிந்த நமக்கு இந்தச் சண்டையின் சூடு எளிதில் விளங்கும். நான்கு வரி வேண்டுதலில் ஒரு கூட்டத்தின் மானமே அடங்கியிருக்கும்.

இந்தச் சங்கங்களின் சடங்கு ஊருக்கு ஊர் மாறுவதை வெளியார் பலர் குழப்பமாகவும், உள்ளே இருப்பவர்களில் சிலர் சீரழிவாகவும் பார்க்கிறார்கள். எனக்கு அது இவற்றின் மிகப் பெரிய பலமாகவே தெரிகிறது. ஒவ்வொரு மாற்றத்தையும், அது யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது என்று கேட்டே எடைபோட வேண்டும். பழமை, புதுமை என்ற அளவுகோலை வைத்து எடைபோட்டால் பெரும்பாலும் தவறான முடிவுக்கே வருவோம்.

1813 டிசம்பர் 27 அன்று இரு பிரிவுகளும் இணைந்தன. சஸெக்ஸ் கோமகன் தலைமை ஏற்றார். அவர் எபிரேயம் கற்றவர், யூதர்களின் குடியுரிமைக்காகக் குரல் கொடுத்தவர். சடங்கை ஒன்றுபடுத்த அமைத்த சமரச சபை 1816 வரை உழைத்தது. வெளிப்படையான கிறிஸ்தவக் குறிப்புகள் நீக்கப்பட்டன. ஏசுவின் பெயர் இருந்த இடத்தில் எந்த மதத்தாரும் சொல்லக்கூடிய விளிகள் அமர்ந்தன: உறுப்பினர் ஏறும் மூன்று படிகளில் முதல் படியில் பிரபஞ்சத்தின் மாபெரும் கட்டடக் கலைஞர், இரண்டாம் படியில் மாபெரும் வடிவியலாளர், மூன்றாம் படியில் மிக உயர்ந்தவர்.

புதிதாகச் சேர்பவர் அந்த வேண்டுதலைக் கேட்கும் நிலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கையில் காசோ உலோகமோ இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துவிடுவார்கள். கண் கட்டப்பட்டிருக்கும். சட்டை மார்பிலிருந்து விலகி, ஒரு முழங்கால் தெரிய, ஒரு காலில் செருப்பைத் தேய்த்தபடி, கழுத்தில் சுருக்குக் கயிறோடு அவரை உள்ளே அழைத்து வருவார்கள். மண்டியிட்டதும் அவருக்காக வேண்டுவார்கள். பிறகு தலைவர், ஆபத்து வேளையில் யாரை நம்புவாய் என்று கேட்பார். கடவுளை என்பது பதில். எந்தக் கடவுள் என்று யாரும் கேட்பதில்லை. நீதிபதியானாலும் கடைக்காரரானாலும் அந்த நிமிடத்தில் கையில் எதுவும் இல்லாதவர்தான். இவ்வளவு கச்சிதமாக அமைந்த சடங்கு குறைவு.

ஆனால் பெயரில்லாத வேண்டுதலுக்கு ஒரு குறையும் உண்டு. எல்லாருக்கும் பொருந்தும்படி சொற்களைத் தேய்த்துத் தேய்த்து எடுத்தால், யாருடைய நெஞ்சையும் தொடாத வாசகம் மிஞ்சும். 1985இல் பிரிட்டனின் மெதடிஸ்ட் திருச்சபையும் 1987இல் இங்கிலாந்துத் திருச்சபையின் பொதுமன்றமும் மேசன் சடங்குகளைப் பற்றிய அறிக்கைகளை விவாதித்தன. கிறிஸ்துவைச் சொல்லாத வேண்டுதல் ஒரு கிறிஸ்தவனுக்குப் போதுமா என்ற கேள்வி அங்கே எழுந்தது. அந்தக் கேள்வியைப் பகை என்று தள்ள முடியாது. பக்தி உள்ளவனுக்குக் கடவுளின் பெயர் உயிர். அதை வாசலில் கழற்றி வைக்கச் சொல்வது காசைக் கழற்றி வைக்கச் சொல்வதைப் போன்றதல்ல.

இதற்கு விடை வேண்டுதலில் கிடைக்கவில்லை, சேரும்போது எடுக்கும் உறுதிமொழியில் கிடைத்தது. இங்கேதான் இந்தியா கதைக்குள் வருகிறது. பம்பாயில் மானக்ஜி கர்செட்ஜி என்ற பார்சிக்காரரைச் சபைகள் சேர்க்கவில்லை. அவர் பாரிஸ் போய் அங்கே ஒரு சபையில் சேர்ந்து திரும்பினார். 1843இல் ஜேம்ஸ் பர்ன்ஸ் என்ற மருத்துவர் முன்னின்று, இந்தியர்களையும் சேர்க்கும் 'ரைசிங் ஸ்டார் ஆஃப் வெஸ்டர்ன் இந்தியா' சபையைப் பம்பாயில் தொடங்கினார். கல்கத்தாவில் பிரசன்ன குமார் தத்தரின் விண்ணப்பம் பல ஆண்டுகள் இழுபட்டது. பல தெய்வங்களைக் கும்பிடும் இந்து யார் பெயரால் சத்தியம் செய்வான் என்று கேட்டார்கள். 1872இல்தான் அவருக்குக் கதவு திறந்தது. அவரவர் வேதத்தின் மேல் கை வைத்து அவரவர் சத்தியம் செய்யலாம் என்ற வழக்கம் இந்த இழுபறிகளுக்கிடையேதான் வேர் பிடித்தது. 1961இல் அமைந்த இந்திய கிராண்ட் லாட்ஜின் சபைகளில் பகவத்கீதை, குர்ஆன், பைபிள், குரு கிரந்த சாகிப், செந்த் அவெஸ்தா என்று பல நூல்கள் ஒரே மேடையில் திறந்திருப்பதைக் காணலாம்.

வேண்டுதல் பொது, சத்தியம் தனி. இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. சேர்ந்து சொல்லும்போது யாரையும் உறுத்தாத சொல். தனக்கென்று வாக்குக் கொடுக்கும்போது தன் தெய்வம், தன் நூல். லண்டனில் உட்கார்ந்து சட்டம் எழுதியவர்கள் இதை முன்கூட்டியே யோசித்து வைக்கவில்லை. வாசலில் நின்று கேட்டவர்கள் விடாமல் கேட்டதால் கிடைத்தது.

பெரிய பிளவு பிரான்சில் நடந்தது. பிரான்சின் தலைமைச் சபையான கிராண்ட் ஓரியன்ட் 1849இல் கடவுள் நம்பிக்கையையும் ஆன்மாவின் அழியாமையையும் தன் சட்டத்தில் எழுதியது. 1877இல் அதை எடுத்துவிட்டது. எடுக்கச் சொல்லி வாதாடியவர் ஃப்ரெடெரிக் டெமோன், புராட்டஸ்டன்ட் போதகர். மனச்சாட்சியைச் சட்டத்தால் கட்டக் கூடாது என்பது ஒரு மதகுருவின் வாதமாக வந்ததை நான் சிறு செய்தியாக எடுத்துக்கொள்ள மாட்டேன். இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அதனோடு உறவை முறித்துக்கொண்டது. 1929இல் வகுத்த அங்கீகார விதிகளிலும் கடவுள் நம்பிக்கையும் திறந்து வைத்த வேதநூலும் கட்டாயமாக நின்றன.

அதே இங்கிலாந்து, கிறிஸ்தவர்களை மட்டுமே சேர்க்கும் ஸ்வீடன் மரபை அங்கீகரித்தது. யூதரையும் இந்துவையும் வாசலில் நிறுத்தும் சபை உறவாம், நாத்திகனை உள்ளே விடும் சபை உறவில்லையாம். கடவுள் நம்பிக்கைதான் சங்கத்தின் அஸ்திவாரம் என்ற வாதம் எனக்குப் புரிகிறது. கடவுளே இல்லை என்பவன் கடவுள் பெயரால் எப்படிச் சத்தியம் செய்வான் என்பது நியாயமான கேள்வி. ஆனால் கதவைத் திறந்தவனிடம் கண்டிப்பும் அடைத்தவனிடம் தாராளமும் காட்டிய இந்தத் தராசு சாய்ந்தே இருக்கிறது.

அமெரிக்காவில் மாநிலத்துக்கொரு கிராண்ட் லாட்ஜ், கிராண்ட் லாட்ஜுக்கொரு சடங்கு. தாமஸ் ஸ்மித் வெப் 1797இல் எழுதிய கையேடு பெரும்பாலான மாநிலங்களுக்கு அடிப்படை. பென்சில்வேனியா தன் பழைய வழியிலேயே நிற்கிறது. ஸ்காட்லாந்திலும் ஒவ்வொரு சபைக்கும் தன் வழக்கத்தைக் காக்க உரிமை உண்டு. ஜெர்மனியில் ஷ்ரோடர் என்ற நடிகர் ஆடம்பரத்தைக் களைந்து எழுதிய எளிய சடங்கு 1801இல் ஹாம்பர்க்கில் ஏற்கப்பட்டது. மேடையில் வாழ்ந்தவர் மேடைத்தனத்தைக் குறைத்தது கவனிக்க வேண்டிய விஷயம்.

இங்கிலாந்தில் நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. 1816இல் ஒப்புக்கொண்ட சடங்கை எழுத்தில் வைக்கக் கூடாது என்றார்கள். காதால் கேட்டதை நெஞ்சில் ஏற்றிப் போனார்கள்; போன இடமெல்லாம் சொல் கொஞ்சம் கொஞ்சம் மாறியது. 1817இல் ஸ்டெபிலிட்டி, 1823இல் எமுலேஷன் என்ற பயிற்சிச் சபைகள் பிறந்தன. பிரிஸ்டல் நகரம் இணைப்புக்கு முந்தைய கூறுகளை இன்றும் விடவில்லை. எமுலேஷன் சபையில் ஒரு முழுச் சடங்கை ஒரு சொல்கூடப் பிசகாமல், யாரும் திருத்த வேண்டிய தேவையே இல்லாமல் நடத்தி முடிப்பவருக்கு வெள்ளித் தீப்பெட்டி உறை பரிசு. வேதபாராயணம் தெரிந்த சமூகத்துக்கு இந்த உழைப்பின் மதிப்பு தெரியும். மனப்பாடமாகச் சொல்பவர் எதிரில் இருப்பவரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. கண்கட்டு அவிழ்ந்து நிற்பவனிடம் தாளைப் பார்த்து வாசித்தால் அந்த நிமிடம் செத்துவிடும்.

ஆனாலும் பரிசு சொல்லுக்கு மட்டும் கிடைக்கும்போது கவனமும் சொல்லின் மேலேயே போய் நிற்கிறது. சேர வந்தவன் நடுங்குகிறானா, புரிந்துகொண்டானா என்பதைவிட 'அல்லது' வர வேண்டிய இடத்தில் 'மற்றும்' வந்துவிட்டதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் வேண்டுதல் தேர்வாகிவிடுகிறது. எழுத்தில் வராத மரபு எளிதில் வளைந்து கொடுக்கும். அச்சில் ஏறிய பிறகு ஒரு காற்புள்ளியை மாற்றவும் குழு கூட வேண்டியிருக்கிறது.

மாற்றவே கூடாது என்பவர்களுக்கு 1986 ஒரு பதில். அதுவரை புதியவர் சொன்ன உறுதிமொழியில், ரகசியத்தை வெளியிட்டால் கழுத்து அறுபடுவது முதலான தண்டனைகள் இருந்தன. யாரும் நிறைவேற்றாத தண்டனைகள்தான். ஆனாலும் கடவுளின் பெயரைச் சொல்லி, வேதத்தின் மேல் கை வைத்து, நடக்காது என்று தெரிந்த ஒன்றுக்கு உடன்படுவது அந்தச் சத்தியத்தையே மலிவாக்கியது. அந்த ஆண்டில் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அந்தப் பகுதியை உறுதிமொழியிலிருந்து எடுத்துச் சடங்கின் வேறிடத்துக்கு நகர்த்தியது. சடங்கு குலையவில்லை, உறுதிமொழி நேர்மையானது.

பெண்கள் விஷயத்தில்தான் இந்த நேர்மை பாதியில் நிற்கிறது. 1893இல் பாரிஸில் மரியா தெரைஸ்மும் ஜார்ஜ் மார்த்தானும் ஆண், பெண் இருபாலரையும் சேர்க்கும் 'த்ரோவா ஹ்யூமேன்' அமைப்பைத் தொடங்கினார்கள். 1902இல் அதில் சேர்ந்த அன்னி பெசன்ட் அதை லண்டனுக்கும், பிறகு இந்தியாவுக்கும் கொண்டுவந்தார். கடவுளை வற்புறுத்தாத பிரெஞ்சு அமைப்பிலிருந்து வந்தவர், அடையாறு பிரம்மஞான சபை வட்டாரத்துக்கே உரிய ஆன்மிக நாட்டத்தோடு கடவுளைச் சடங்கின் நடுவில் மறுபடி அமர்த்தினார். தலைமையும் அதற்கு இடம் கொடுத்தது. இங்கிலாந்தில் அவருடைய அமைப்பிலிருந்து பிரிந்தவர்கள் 1908இல் தொடங்கிய சங்கம் பின்னாளில் பெண்களுக்கு மட்டுமானது.

1999இல் இங்கிலாந்து கிராண்ட் லாட்ஜ் அத்தகைய இரண்டு பெண்கள் சங்கங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. பெண்கள் என்பதைத் தவிர மற்றபடி அவர்களுடைய நடைமுறை முறையானதே என்று அதில் ஒப்புக்கொண்டது. கடவுள் நம்பிக்கை இருக்கிறது, திறந்த வேதநூல் இருக்கிறது, ஏறக்குறைய அதே வேண்டுதல் இருக்கிறது. ஆனால் சேர்ந்து சபை கூட முடியாது. சொல்லில் எமுலேஷனுக்கும் பிரிஸ்டலுக்கும் உள்ள வேறுபாட்டை ஏற்றுக்கொண்டவர்கள், பென்சில்வேனியாவை ஏற்றவர்கள், ஸ்வீடனையும் ஏற்றவர்கள், தங்கள் வேண்டுதலையே சொல்லும் பெண்களோடு ஒரே அறையில் மண்டியிட மறுப்பதற்குச் சடங்கிலிருந்து ஒரு காரணமும் காட்ட முடியாது. யூதருக்கென்று ஒரு வேண்டுதலை 1756இல் அச்சிட முடிந்த மரபு இது.