ஊழை ஏற்க மறுத்த நாயகன்

போருக்கு அஞ்சுபவனைக் கோழை என்போம். தன் ஆற்றலுக்கே அஞ்சுபவனை என்னென்போம்? இவ்வினாவை எழுப்புவது, அமெரிக்க எழுத்தாளர் ராபர்ட் ஜோர்டன் படைத்த 'தி வீல் ஆஃப் டைம்' என்னும் நெடுங்கற்பனைத் தொடர். 1990இல் தொடங்கி 14 பெருநூல்களாக விரிந்த இத்தொடர் 2013இல் நிறைவுற்றது. 2007இல் ஜோர்டன் மறையவே, அவர்தம் குறிப்புகளைக் கொண்டு இறுதி மூன்று நூல்களையும் முடித்தவர் பிராண்டன் சாண்டர்சன்.

நாயகன் ராண்ட், சிற்றூரில் ஆடு மேய்த்து வளர்ந்த இளைஞன். உலகைக் காப்பவனும் அவனே, அதனைச் சிதைப்பவனும் அவனே என்பது பண்டை வருவதுரைப்பு. முற்பிறவியில் பித்தேறித் தன் மனைவி மக்களைத் தானே கொன்றவன் அவன். அப்பித்தின் நஞ்சு இப்பிறவியில் வாய்த்த ஆற்றலிலும் கலந்துள்ளது. ஆகவே அவனது மறுப்பைத் தன்னடக்கம் எனக் கொள்வது பொருந்தாது. தன்னால் பிறர்க்கு நேரும் தீங்கை எண்ணி எழும் அறவுணர்வு என்றே நாம் கொள்கிறோம்.

மூன்றாம் நூலின் தலைப்பு அவனது பட்டப்பெயரே. நூலுள்ளோ அவனைக் காண்பது அரிது. அப்பெயர் மெய்யோ என அறியத் தனியே புறப்பட்டவனைப் பிறர் தேடித் திரிகின்றனர். இதனினும் நயமான உத்தி தொடரில் வேறில்லை.

இடைநூல்கள் தொய்வுறுகின்றன, பத்தாம் நூலில் கதை நகர்வதே அரிது. ஆயினும் பன்னிரண்டாம் நூலின் இறுதி அக்குறையை ஈடுசெய்கிறது. மலையுச்சியில் நின்று உலகையே அழிக்கத் துணிந்தவன், மறுபிறவி என்பது மீண்டும் அன்பு செய்யக் கிடைத்த வாய்ப்பு என உணர்கிறான். தெரிந்தெடுக்கப்பட்டவன் தெரிந்தெடுப்பவனாகும் அக்கணமே இத்தொடரின் உயிர்நிலை என்பது எம் துணிபு.