அரை டெசிபல் பொறுமை

கணினித் திரையின் மூலையில் இருக்கும் ஒலிபெருக்கிப் படத்தைப் பலரும் சத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் மட்டுமே தொடுகிறார்கள். ஹெட்ஃபோன் பிரியர்களுக்கு அது ஒரு பட்டறையின் வாசல். முதல் வேலை கழிப்பது. ஒலி அட்டையின் மென்பொருள் சேர்த்திருக்கும் 'மேம்பாடு'களை அணைத்ததும் செயற்கை எதிரொலி விலகி, மிருதங்கத்தின் தோலும் விரலும் தனித்தனியே கேட்கின்றன. சிடியிலிருந்து எடுத்த பாட்டென்றால் மாதிரி வீதத்தை 44,100 ஹெர்ட்ஸில் வைக்கிறார்கள். வழியில் தேவையற்ற மாற்றம் எதற்கு?

பிறகுதான் ஈக்வலைசர். கைத்திறன் தெரிவது இங்கேதான். ஈக்வலைசர் ஏபிஓ என்ற இலவச மென்பொருளில் 100 ஹெர்ட்ஸ் பக்கம் 4 டெசிபல் ஏற்றினால், மொத்த ஒலியளவைக் கட்டுப்படுத்தும் பிரீஆம்பை அதே 4 டெசிபல் இறக்கிவிடுவார்கள். இல்லையென்றால் தவில் ஓங்கும் இடத்தில் ஒலி கிழியும். பாடகரின் 'ஸ' காதைக் குத்தினால், 6,000 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியை அரை அரை டெசிபலாகத் தணிப்பார்கள். ஒரே வரியை அலுக்காமல் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்தப் பொறுமை அழகானது. 1986-ல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' இசைத் தொகுப்பு இந்தச் சோதனைக்கு மிகவும் ஏற்றது. வி.எஸ். நரசிம்மனின் வயலினில் வில் திசை மாறும்போது எழும் மெல்லிய உரசல் வரை கேட்டுவிட்டால், அன்றைக்கு வேலை முடிந்தது. அமைப்பைச் சேமித்துவிட்டு முழுத் தொகுப்பையும் கேட்க உட்கார்ந்துவிடலாம்.