கொல்லைப்புறமற்ற வானம்

ஓரியன் நெபுலாவை முதன்முதலாகத் தொலைநோக்கி வழியே பார்ப்பவர் பெரும்பாலும் ஏமாற்றத்தோடுதான் கண்ணை எடுக்கிறார். திருவாதிரை என்று நாம் சொல்லும் செந்நிற நட்சத்திரத்துக்கு அருகே வரிசையாய் நிற்கும் மூன்று நட்சத்திரங்களைத் தாண்டிச் சிறிது போனால், சாம்பலும் மங்கிய பச்சையும் கலந்த ஒரு புகைத்திட்டு. 'இவ்வளவுதானா? படத்துல ரத்தச் சிவப்பா, ஊதாவா இருந்துச்சே?' என்ற கேள்வி உடனே வந்துவிடும். கண் மெய், படம் பொய் என்ற நமது நெடுநாள் நம்பிக்கைதான் இங்கே அவர் வாய்வழியாகப் பேசுகிறது.

இந்த நம்பிக்கையை முதலில் பார்த்துவிடுவோம். மங்கிய வெளிச்சத்தில் விழித்திரையில் வேலை செய்பவை நிறம் அறியாத குச்சி செல்கள். 500 நானோமீட்டரை ஒட்டிய ஒளியைத்தான் அவை அதிகம் உணர்கின்றன. நெபுலாவின் ஆக்சிஜன் 500.7இல் பச்சையாக ஒளிர்கிறது. ஹைட்ரஜனின் 656.3 சிவப்பை, இருட்டுக்குப் பழகிய கண் ஏறக்குறையத் தவறவிடுகிறது. ஆக, நாம் 'நேரில்' கண்டதாகச் சொல்லும் அந்தச் சாம்பல் திட்டும் தணிக்கைக்குப் பிந்தைய ஒரு பிரதிதான். கடையில் வாங்கும் கேமராவிலும் இதே தணிக்கை உண்டு. மனிதக் கண்ணுக்கு இசைவான நிறம் வரவேண்டுமென்று உணரிக்கு முன்னால் வைக்கப்படும் வடிகட்டி, அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது. நெபுலாப் பைத்தியம் பிடித்த அமெச்சூர்கள் புத்தம்புதுக் கேமராவைத் திருகு கழற்றிப் பிரித்து அந்த வடிகட்டியைப் பிடுங்கி எறிவது இதனால்தான். பார்த்தால் வீட்டில் இருப்பவர்கள் தலையில் அடித்துக்கொள்வார்கள்.

1880 செப்டம்பர் 30 அன்று, நியூயார்க்கை அடுத்த ஹேஸ்டிங்ஸில், குடும்ப நிலத்தில் கட்டிய தன் சொந்தக் கூடத்திலிருந்து ஹென்றி டிரேப்பர் என்ற மருத்துவர் 11 அங்குலத் தொலைநோக்கியில் ஏறத்தாழ 50 நிமிடம் தகட்டைத் திறந்துவைத்து ஓரியன் நெபுலாவைப் பிடித்தார். ஒரு நெபுலாவின் முதல் புகைப்படம் அது. 1883 ஜனவரியில், லண்டனின் ஈலிங்கில் தன் வீட்டுத் தோட்டத்தில் 36 அங்குல ஆடியை நிறுத்தியிருந்த ஏன்ஸ்லி காமன் என்ற பொறியாளர் எடுத்த படத்தில், கண்ணால் எந்தத் தொலைநோக்கியிலும் பார்க்க முடியாத நட்சத்திரங்கள் பதிந்திருந்தன. மறு ஆண்டு ராயல் வானியல் கழகம் அவருக்குத் தங்கப் பதக்கம் தந்தது. புகைப்படம் என்றால் 'அது அங்கே இருந்தது' என்ற உறுதிமொழி என்பார் ரோலான் பார்த். காமனின் தகட்டில் உறுதிமொழி இருக்கிறது, ஆனால் கண்டவர் என்று யாருமில்லை. கண்ணைச் சாட்சிக்கூண்டிலிருந்து இறக்கிவிட்ட இந்தக் காரியம் நடந்தது இரண்டு வீட்டு மனைகளில் என்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது.

இதையெல்லாம் மறந்துவிட்டு இன்னும் நிறத்தைப் பற்றியே சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். 1995 ஏப்ரல் 1 அன்று ஹபிள் எடுத்த கழுகு நெபுலாவின் தூண்கள்தான் இந்தச் சண்டையின் மூலப்பிரதி. கந்தகத்துக்குச் சிவப்பு, ஹைட்ரஜனுக்குப் பச்சை, ஆக்சிஜனுக்கு நீலம் என்று ஒதுக்கினார்கள். உண்மையில் கந்தகம், ஹைட்ரஜன் இரண்டின் ஒளியும் சிவப்புதான். இரண்டையும் பிரித்துக் காட்டவே இந்த ஏற்பாடு. எலிசபெத் கெஸ்லர் 2012இல் வெளியிட்ட நூலில், இப்படங்களின் பிரம்மாண்டம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க மேற்கின் நிலக்காட்சி ஓவியங்களிலிருந்து வருவதைக் காட்டினார். நல்ல வாசிப்பு. ஆனால் நமது விவாதங்களில் அது 'எல்லாம் கட்டமைப்புதான்' என்ற சோம்பேறித்தனமான முடிவுக்கு இழுக்கப்படுகிறது. எது எதற்கு நிறம் என்று வெளிப்படையாக அறிவித்த பின் அதைப் பொய் என்பதெப்படி? நிலப்படத்தில் கடலுக்கு நீலம் பூசியதற்காக யாரும் வழக்குப் போடுவதில்லையே.

படத்தில் சேர்க்கப்படும் நிறத்தைவிட, நீக்கப்படுவது எது என்று கேட்பதுதான் பயன் தரும். கொல்லைப்புறத்தில் முக்காலியை நிறுத்தி, ஒரே இரவில் மூன்று மூன்று நிமிடமாக நூறு படம் எடுக்கிறார் ஒருவர். கணினி அவற்றை நட்சத்திரம் நட்சத்திரமாகப் பொருத்திச் சராசரி எடுக்கிறது. நூறு படம் சேர்ந்தால் தற்செயல் இரைச்சல் பத்தில் ஒரு பங்காகக் குறையும். லென்ஸ் தூசியின் நிழலும், உணரி தானாக உண்டாக்கும் சூடான புள்ளிகளும் தனியே எடுத்த படங்களைக் கொண்டு கழிக்கப்படும். இதுவரை தகராறில்லை. அடுத்து, ஊரின் தெருவிளக்கு வானத்தில் படர்த்திய வெளிச்சம் முழுவதும் வழித்தெடுக்கப்படும். ஒரேயொரு படத்தில் மட்டும் தென்படுவதை, மற்ற தொண்ணூற்றொன்பதோடு ஒத்துப்போகவில்லை என்ற காரணத்தால் மென்பொருள் தள்ளிவிடும். விமானம் போகும், செயற்கைக்கோள் கோடு போகும். 2019இலிருந்து ஆயிரக்கணக்கில் ஏவப்பட்ட ஸ்டார்லிங்க் கோள்கள் இரவு வானத்தில் இழுக்கும் கீறல்கள் இப்படித்தான் தடமின்றி மறைகின்றன. வானத்தைத் தனியார் கம்பெனிகள் எடுத்துக்கொண்ட ஒரு காலத்தின் படம், அந்தக் காலமே நடக்காதது மாதிரி நம்முன் வந்து நிற்கிறது. கொல்லையில் எடுத்த படத்தில் கொல்லை இல்லை, ஊர் இல்லை, ஆண்டு இல்லை. பிரதியின் மௌனம் என்று நாம் ஓயாமல் பேசுவது இதைத்தான். ஆனால் இங்கே மௌனம் ஒரு பொத்தானை அழுத்திச் செய்யப்படுகிறது.

சரி, தூய வானத்துக்கு ஆசைப்படுவது குற்றமா என்று கேட்கலாம். குற்றமில்லை. ஆனால் எது அழுக்கு, எது செய்தி என்று முன்கூட்டியே யார் சொல்வது? 2004 ஜனவரி 23 அன்று, கென்டக்கியில் தன் வீட்டுக் கொல்லையிலிருந்து ஜே மெக்நீல் என்ற அமெச்சூர் வெறும் 3 அங்குலத் தொலைநோக்கியால் எம்78 என்ற நெபுலாவின் சுற்றுப்புறத்தைப் படமெடுத்தார். எந்தப் பட்டியலிலும் இல்லாத சிறு மங்கல் ஒன்று அதில் இருந்தது. இளம் நட்சத்திரம் ஒன்று வெடித்துப் பிரகாசித்து, தன்னைச் சூழ்ந்த தூசியை ஒளிரவைத்ததன் விளைவு அது. மெக்நீல் நெபுலா என்று பெயர் வந்தது. பிறகு மங்கியது, மீண்டும் வந்தது, 2018 வாக்கில் காணாமல் போயிருந்தது. ஆண்ட்ரொமீடாவுக்கு அருகே யாரும் எதிர்பார்க்காத ஆக்சிஜன் வளைவு ஒன்றை டிரெக்ஸ்லர், ஸ்ட்ராட்னர், செயின்டி என்ற அமெச்சூர்கள் கண்டதும், வேறு தொலைநோக்கிகளால் சரிபார்க்கப்பட்டு அது 2023இல் வெளியானதும் இதே வகை. செப்பனிடாமல் அந்த வளைவு தெரிந்திருக்காது. ஆகவே நான் செப்பனிடுதலுக்கு எதிரி அல்ல.

எனக்கு உறுத்துவது, கடந்த சில ஆண்டுகளில் வந்திருக்கும் நரம்பு வலைப்பின்னல் மென்பொருள்கள். ஏற்கெனவே உள்ள படங்களைக் கொண்டு பயிற்றப்பட்டவை இவை. நட்சத்திரங்களைக் கழற்றி எடுக்கும், இரைச்சலைத் துடைக்கும், மங்கிய விளிம்பைக் கூர்மையாக்கும். சராசரி எடுத்த கணினி, இருக்கிற நூறு படத்துக்குள்ளேயே பேசியது. இதுவோ அந்த இரவுக்குச் சம்பந்தமில்லாத ஆயிரம் இரவுகளிலிருந்து, இங்கே இப்படித்தான் இருக்கும் என்று இட்டு நிரப்புகிறது. மெக்நீலின் மங்கலை அது என்ன செய்திருக்கும்? அத்தனை பெரிய திட்டை விழுங்கியிருக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. அதைவிடச் சிறிய, அதைவிட மங்கலான ஒன்றை? விழுங்கியது என்று தெரிந்துகொள்ள, விழுங்குவதற்கு முந்தைய படம் நம்மிடம் இருக்கவேண்டும்.

தெரிந்த அமெச்சூர் ஒருவரிடம் மூலப்படங்களைக் கேட்டேன். 'அதெல்லாம் அழிச்சிட்டேன் சார், டிஸ்க்ல இடமில்ல. அதான் ஃபைனல் படம் இருக்கே' என்றார். அவர் சுவரில் மாட்டியிருந்த படம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் மெக்நீலின் நெபுலா கண்டறியப்பட்டபோது வானியலாளர்கள் பழைய தகடுகளுக்குள் போய்த் தேடினார்கள். எவரெட் க்ரைமர் என்ற இன்னொரு அமெச்சூர் 1966இல் எம்78ஐ எடுத்த படத்தில் அதே இடத்தில் அந்தத் திட்டு இருந்தது. ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாக அது அங்கேயே, யாரும் துடைக்காமல் கிடந்திருக்கிறது.