சபராளியின் மாலைப் பொழுது

எகிப்திய எழுத்தாளர் தவ்ஃபீக் அல்ஹகீம் 1938-இல் வெளியிட்ட ‘உஸ்ஃபூர் மினஷ் ஷர்க்’ என்னும் புதினம், கீழ்த்திசைப் பறவை எனப் பொருள்படும் பெயருடையது. அதனை ஆராய்ந்தோர் பலரும் கீழ்நாட்டுக்கும் மேல்நாட்டுக்கும் இடையே நிகழ்ந்த வழக்காகவே கண்டனர். ஆன்மிகம் ஒரு தட்டிலும் இயந்திரம் மறுதட்டிலும் வைத்து நிறுக்கப்பட்டன. அவ்வழக்கில் எவர் வென்றார் என்பதில் நமக்கு அத்துணை நாட்டமில்லை. ஊரை விட்டுச் சென்ற முஸ்லிம் இளைஞன் ஒருவன் மாலைப் பொழுதில் கூட்டாளியுடன் வெளியே போகிறானே, அப்பொழுது என்ன நடக்கிறது? நூலின் உயிர் அங்கேதான் இருக்கிறது என்பது நம் கருத்து. மூன்று தலைமுறையாகப் பிள்ளைகளைக் கடல் கடந்து அனுப்பிவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் நம் குடும்பங்களுக்கு இக்கேள்வி அயலானதன்று.

அல்ஹகீம் பாரிஸுக்குச் சென்ற கதையே சுவையானது. அவருடைய தந்தையார் நீதித்துறையில் பணியாற்றியவர். மகனும் சட்டம் பயின்று அதே வழியில் உயர வேண்டுமென விரும்பினார். மகனோ கெய்ரோவின் நாடகக் குழுவுக்கு நாடகம் எழுதிக்கொண்டிருந்தார். கூத்தாடிகளின் சகவாசம் தொலையட்டும் என்றுதான் 1925-இல் அவரைச் சட்ட முனைவர் பட்டத்துக்காகப் பாரிஸுக்கு அனுப்பினர். நாடக மோகம் தீர நாடகத்தின் தலைநகருக்கே அனுப்பிய பெற்றோரை என்னென்பது! 1928-இல் பட்டமின்றித் திரும்பினார் மகன். மாலைகள் யாவும் அரங்குகளிலும் இசைக் கூடங்களிலும் கழிந்திருந்தன.

அந்த மாணவனின் சாயலே புதினத்தில் வரும் முஹ்ஸின். தொடக்கக் காட்சியில் பாரிஸ் நகரச் சதுக்கமொன்றில் மழை பெய்கிறது. மக்கள் காப்பிக் கடைகளில் ஒதுங்குகின்றனர். இவன் ஒருவன் மட்டும் கவிஞர் முஸ்ஸேயின் சிலைக்கெதிரே நனைந்தபடி நின்று, சட்டைப் பையிலிருந்து பேரீச்சம்பழம் எடுத்துத் தின்கிறான். கொட்டையைத் தெருவில் போடுகிறான். அவ்வேளை நண்பன் ஆந்திரே வருகிறான். கேலி செய்கிறான், ஆயினும் அவனை விட்டுப் போகவில்லை. இறுதிச் சடங்கு ஒன்றுக்காகத் தேவாலயத்துக்கு உடன் அழைத்துச் செல்கிறான். உள்ளே நுழைந்ததும் முஹ்ஸினுக்குக் கெய்ரோவின் செய்யிதா ஸைனப் பள்ளிவாசல் நினைவுக்கு வந்துவிடுகிறது. அச்சமும் பணிவும் அவனைப் பிடித்துக்கொள்கின்றன. ஆந்திரேயோ காப்பிக் கடைக்குள் போவது போலவே உள்ளே போகிறான். அதை மறைக்கவும் இல்லை.

இவ்விடத்தில் ஆசிரியர் ஒரு சொற்பொழிவும் நிகழ்த்தவில்லை. இருவர் ஒரே வாயிலுக்குள் நுழைகின்றனர். அவரவர் அவரவராகவே வெளியே வருகின்றனர். ஆந்திரே முஹ்ஸினின் ஈமானைப் பறிக்கவில்லை, முஹ்ஸினும் அவனுக்கு உபதேசம் செய்யவில்லை. தான் எங்கே பிறந்தவன் என்பது அந்நிய ஊரில் நண்பனோடு நடக்கையில்தான் ஒருவனுக்குத் துலங்குகிறது. நூல் முழுவதிலும் இதற்கு இணையான இடம் நமக்குத் தென்படவில்லை.

நம் ஏடுகளில் 1970-களில் வந்த சபராளிக் கதைகளை எண்ணிப் பார்க்கிறோம். மூன்றாம் பக்கத்தில் ஒரு கூட்டாளி வந்து, “வாடா, கொஞ்சம் காற்று வாங்கிவிட்டு வருவோம்” என்று சொன்னால் போதும். நான்காம் பக்கத்தில் மதுக்கோப்பை, ஐந்தாம் பக்கத்தில் ஊரில் உம்மாவின் கண்ணீர், ஆறாம் பக்கத்தில் தந்தி! கூட்டாளி என்றாலே ஷைத்தானின் முகவர். நண்பனைப் பார்த்துத் தேர்ந்துகொள்ளுமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியிருப்பது உண்மை. தேர்ந்துகொள்ளச் சொன்னார்களேயன்றி, தேடவே வேண்டாம் என்று சொல்லவில்லையே! இப்னு பதூதா சீனத்தில் தம் மொராக்கோ மண்ணின் ஸப்தா ஊர்க்காரர் ஒருவரைக் கண்டு, இருவரும் அழுததைத் தம் பயண நூலில் ஒளிக்காமல் எழுதி வைத்தார். பினாங்கின் சூலியா தெருவில் இஷாவுக்குப் பின் தேநீர்க் கடைப் பலகையில் அமர்ந்து ஊர்க்கதை பேசிய நம் முன்னோரின் இரவுகளை எழுதியவர் எத்தனை பேர்? கடிதத்தில் சலாம் இருந்தது, நலம் இருந்தது, பணம் அனுப்பிய விவரம் இருந்தது. இன்று கைப்பேசியில் முகம் பார்த்தே பேசுகிறோம். “சாப்பிட்டாயா?” என்று கேட்கிறோம். “யாருடன் சாப்பிட்டாய்?” என்று கேட்பதில்லை; கேட்டால் அது விசாரணையாகிவிடுகிறது.

புதினத்தின் நடுப்பகுதி காதல். அரங்கின் நுழைவுச் சீட்டு விற்கும் ஸூஸி என்ற பெண்ணின்மேல் முஹ்ஸின் மையல் கொள்கிறான். அவள் தங்கும் விடுதியிலேயே அறை எடுக்கிறான்; கிளி ஒன்றை வாங்கிப் பரிசளிக்கிறான். சில நாள் இன்பத்துக்குப் பின், உணவு விடுதியில் அவளுடைய பழைய காதலன் தோன்றியதும் அவள் முகம் திரிகிறது. ஏமாந்தவன் வெளியேறுகிறான். கிளி வரும் பக்கங்களில் நகை மிளிர்கிறது என்பதை மறுக்கவில்லை. எனினும் ஸூஸியை ஐரோப்பாவின் உருவகமாக்கித் தண்டிப்பது அவளுக்கு இழைத்த அநீதி. சீட்டு விற்றுப் பிழைக்கும் பெண்ணொருத்தியின் தோளில் ஒரு கண்டத்தின் பாவச்சுமையை ஏற்றுவானேன்? எகிப்தியப் பெண் ஒருத்தி இவ்விதம் நடந்திருந்தால் அதைக் கீழ்நாட்டின் குற்றமென்று ஆசிரியர் எழுதியிருப்பாரா? ஆந்திரேயைப் படைத்தபோது இருந்த நிதானம் இங்கே அவரைக் கைவிட்டுவிட்டது.

பின்னர் இவான் வருகிறார். நோயுற்ற ரஷ்யத் தொழிலாளி, நூல்களில் மூழ்கியவர். கீழ்நாட்டின் தீர்க்கதரிசிகளைப் போற்றியும் ஐரோப்பாவைப் பழித்தும் பக்கம் பக்கமாகப் பேசுகிறார். விமரிசகர்கள் பெரிதும் எடுத்தாளும் பகுதி இதுவே. நமக்கோ அயர்வு தட்டுகிறது. நம்மைப் புகழ்ந்து பேசும் பிறநாட்டாரைக் கண்டால் உடனே மகிழ்ந்துபோகும் பலவீனம் நம் சமுதாயத்தில் உண்டு. அதனாலேயே இப்பகுதி கொண்டாடப்படுகிறதோ என்னும் ஐயம் எழுகிறது. இறுதியில் இவான் கீழ்நாட்டைக் காண வேண்டுமென ஏங்கியபடியே இறக்கிறார். அவர் தேடும் கீழ்நாடு இன்று அவ்வாறே இல்லை என்பது முஹ்ஸினுக்குத் தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. மரணப் படுக்கையில் இருக்கும் நண்பனிடம் காட்டிய அந்த மௌனம், இவானின் உரைகள் அனைத்தினும் மேலானது.

பட்டமின்றித் திரும்பியவரின் மாலைகள் வீணாயினவா என்று கேட்போர் இருப்பர். 1933-இல் அவர் வெளியிட்ட ‘அஹ்லுல் கஹ்ஃப்’ நாடகம், திருக்குர்ஆன் கூறும் குகைவாசிகளின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டது. 1935-இல் எகிப்தின் தேசிய நாடகக் குழு அந்நாடகத்துடன்தான் தன் அரங்கைத் தொடங்கியது. குர்ஆனின் வரலாறு ஓதியவரிடமிருந்து வந்தது. அதை மேடைக்குக் கொண்டுவரும் வித்தை பாரிஸ் மாலைகளிலிருந்து வந்தது. அம்மேடையேற்றம் அன்று பெரும் வரவேற்பைப் பெறவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 

ஆந்திரேயைப் பற்றி மேலும் அறிய விழைவோர் 1943-இல் வெளிவந்த ‘ஸஹ்ரத்துல் உம்ர்’ நூலைத் தேடிப் படிக்கலாம். அல்ஹகீம் அந்த நண்பருக்கு எழுதிய மடல்களின் தொகுப்பு அது. பார்த்த நாடகம், கேட்ட இசை, படிப்பில் நேர்ந்த தோல்வி, வருங்காலத்தைப் பற்றிய அச்சம் அனைத்தையும் அவனிடம்தான் கொட்டியிருக்கிறார். பணம் அனுப்பிக் காத்திருந்த வாப்பாவிடம் அன்று.