திஸில் வளர்க்கும் கலை

திஸில் என்னும் முட்செடி ஸ்காட்லாந்தின் தேசியச் சின்னம். ஆனால் பிரிட்டனின் 1959ஆம் ஆண்டுக் களைச் சட்டம் கேடு செய்யும் களைகளாகக் குறித்த ஐந்தில் இரண்டு திஸில்கள்தான். அங்குள்ள வீட்டுத் தோட்டங்களில் இந்த இரண்டு நிலைகளும் ஒரே பாத்தியில் சந்திக்கின்றன. திஸிலை அடக்குவதும் வளர்ப்பதும் இரு வேறு வேலைகள் போலத் தோன்றினாலும், இரண்டும் வேரை அறிவதிலிருந்தே தொடங்குகின்றன.

பக்கவாட்டில் ஓடும் வேருடையது படர்திஸில். வெளிர் ஊதாப் பூவும் தேன் மணமும் கொண்ட அழகிதான். ஆனால் மண்வெட்டி பட்டு அறுந்த வேர்த் துண்டு ஒவ்வொன்றும் தனிச் செடியாகிவிடும். அவசரக்காரர் கொத்தக் கொத்தப் பெருகும். மொட்டு விடும் வரை பொறுத்திருந்து தரையோடு அறுப்பதே இதற்கு வழி. தண்டையும் மொட்டையும் எழுப்புவதில் வேரின் சேமிப்பு கரைந்திருக்கும் தருணம் அது. மீண்டும் துளிர்த்தால் மீண்டும் அறுக்க வேண்டும். சில ஆண்டுகள் பிடிக்கும். இதில் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஒரே வேரிலிருந்து பரவிய கூட்டம் முழுவதும் ஒரே பாலாக இருப்பதால், பெரிய புதர்கூட விதையே இல்லாமல் நிற்பதுண்டு.

சட்டம் குறிக்கும் இன்னொன்றான ஈட்டித் திஸிலை அடக்குவது எளிது. முதலாண்டில் தரையோடு தட்டையாக இலைவிரித்துக் கிடக்கும். அடுத்த ஆண்டு பூத்து, விதைத்து, மடியும். ஒற்றை ஆணிவேரை மண்ணுக்குச் சற்றுக் கீழே கத்தியால் அறுத்துவிட்டால் கதை முடிந்தது. பூத்த பிறகு வெட்டினால் தலைகளை அங்கேயே போட்டுவிடக் கூடாது. வெட்டுண்ட பூவும் விதையை முற்றவிடும்.

விரும்பி வளர்ப்பவற்றில் உருவத்தால் முந்தி நிற்பது ஓனோபோர்டம் அக்காந்தியம். இரண்டு மீட்டருக்கும் மேலே எழும். தண்டு முழுக்க முள் விளிம்புகள் இறக்கை கட்டியிருக்கும். இலையை மூடிய வெண்ணிற ரோமம் செடி முழுவதையும் வெள்ளியாக்கிவிடுகிறது. கரும்பச்சை யூ மர வேலியின் முன் வைத்தால்தான் இந்த வெள்ளி எடுபடும். வெளிர் சுவர் முன் நட்டவர் செடியை வீணடித்தவர். இதுவும் இரண்டாண்டுச் செடி, தானே விதைத்துக்கொள்ளும். முளைத்தவற்றில் நல்ல இடத்தில் நிற்கும் ஒன்றிரண்டை மட்டும் விட்டு, மற்றவற்றைச் சிறிதாக இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். எங்கே நடுவது என்பதைவிட எதை விட்டுவைப்பது என்பதில்தான் இங்கே தோட்டக்காரரின் கண் தெரிகிறது.

எரிஞ்சியம் பார்வைக்குத் திஸில் போலிருந்தாலும் கேரட் குடும்பத்தைச் சேர்ந்தது. (நம் ஊர்ப் பிரமதண்டும் இப்படித்தான்: தோற்றம் திஸில், பிறப்பு பாப்பிக் குடும்பம்.) எரிஞ்சிய வகைகளில் புகழ்பெற்றது எரிஞ்சியம் ஜைகான்டியம். எசெக்ஸில் வார்லி பிளேஸ் தோட்டத்தை உருவாக்கிய எலன் வில்மாட் (1858–1934) தாம் போகும் தோட்டங்களில் எல்லாம் இதன் விதையை யாருமறியாமல் தூவிவிட்டு வருவார் என்று சொல்வார்கள். செடிக்கு ‘மிஸ் வில்மாட்டின் பேய்’ என்ற பெயர் நிலைத்தது அதனால்தான். கதை எப்படியோ, பெயர் பொருத்தமானது. அந்தி மங்கும்போது மற்றப் பூக்களெல்லாம் இருளில் கரைய, இதன் பூவைச் சூழ்ந்த சாம்பல் வெள்ளிக் காம்பிலைகள் மட்டும் வெளிறித் தெரியும். பூத்த பின் செடி செத்துவிடும். காய்ந்த உருவம் குளிர்காலத்திலும் நிற்கும்.

எரிஞ்சியத்துக்கு உரம் போடுவது உபகாரமாகாது. வளமான மண்ணில் தண்டு நீண்டு சாயும், நிறமும் மங்கும். நீர் தேங்காத, மெலிந்த மண்ணும் முழு வெயிலும் போதும். எசெக்ஸிலேயே பெத் சாட்டோ என்ற தோட்டக் கலைஞர் பழைய கார் நிறுத்துமிடம் ஒன்றில் 1991–92 குளிர்காலத்தில் சரளைத் தோட்டம் அமைத்து, நீர் பாய்ச்சாமலே வளர்த்துக் காட்டினார்; இத்தகைய வறட்சிச் செடிகளின் உண்மையான அழகு அங்கே தெரியவந்தது. ஆணிவேர் ஆழமாக இறங்குவதால் வளர்ந்த செடியைப் பெயர்த்து நட்டால் பிழைப்பது அரிது. புது விதையை நிற்க வேண்டிய இடத்திலேயே தூவுவது நல்லது. பல்லாண்டு வகைகளைக் குளிர்காலத்தில் வேர்த் துண்டுகளிலிருந்து பெருக்கலாம்.

நீல உருண்டைப் பூக்களுடைய எக்கினாப்ஸ் தேனீக்களுக்குப் பிடித்தது; கோடை இறுதியில் அடியிலைகள் கந்தலாகிவிடும், முன்னால் ஏதாவது நட்டு மறைக்க வேண்டும். ஒயின் நிறத்தில் பூக்கும் சிர்சியம் ரிவுலாரே மட்டும் ஈர மண்ணைக் கேட்கும். விதையால் பரவி வம்பு செய்யாது, தூரைப் பிரித்துத்தான் நட வேண்டும்.

பூத்து முடிந்த தலைகளை என்ன செய்வது என்பதில் ஒருமித்த கருத்து கிடையாது. வெட்டினால் பாத்தி சுத்தம். விட்டுவைத்தால் திஸில் விதை தின்னும் கோல்ட்பிஞ்ச் குருவிகள் கூட்டமாக வரும். அடுத்த வசந்தத்தில் நாற்றுகளைக் களையும் வேலை கூடும். அந்தக் குருவிகளுக்காக அந்த வேலையை ஏற்கலாம். முழங்கை வரை தோல் உறை மாட்டிக்கொண்டு, மழை பெய்து மண் இளகிய மறுநாள் களைவது நல்லது.

புதிதாகத் தொடங்குபவருக்கு ஏற்றது எரிஞ்சியம் ஆல்பினம். பல்லாண்டு வாழும். நீலம் பாரித்த அதன் காம்பிலைகள் முள் போலத் தெரிந்தாலும் தொட்டால் குத்துவதில்லை.