வெள்ளை அட்டையும் தொகுப்பாசிரியனும்

சென்ற மார்கழியில் 5 நாட்கள் கொல்லிமலையில், தேவனூர் நாட்டில் இருந்தேன். காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போக வேண்டும். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி படர்ந்த ஒரு தோட்டத்தின் ஓரத்தில் என் நண்பனின் வீடு. வாத்தியார் வேலைக்காக மலையேறியவன். ஓய்வு பெற்ற பிறகும் கீழே இறங்கவில்லை. இரவில், குளிருக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, நாங்கள் இருவரும் திரும்பத் திரும்பக் கேட்டது பீட்டில்ஸ் குழுவினர் 1968இல் வெளியிட்ட இரட்டை இசைத்தட்டை. ஓர் ஆங்கிலப் பாப் குழுவின் இசைத்தட்டைப் பற்றி இந்தப் பக்கங்களில் எழுத என்ன வந்தது என்று கேட்பவர்கள் நம்மிடையே உண்டு. எனக்கு வந்திருக்கிறது. காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

அந்த இசைத்தட்டின் பிறப்பும் ஒரு மலையடிவாரத்தில்தான். 1968 பிப்ரவரியில் நால்வரும் ரிஷிகேசத்தில், கங்கைக் கரையில் இருந்த மகரிஷி மகேஷ் யோகியின் ஆசிரமத்துக்குத் தியானம் பயில வந்தார்கள். மேடைக் கச்சேரிகளை 1966லேயே நிறுத்திவிட்டிருந்தார்கள். அவர்களுடைய நிர்வாகி ப்ரையன் எப்ஸ்டீன் 1967 ஆகஸ்டில் இறந்துபோயிருந்தார். ரிங்கோ ஸ்டார் சுமார் 10 நாளில் கிளம்பிவிட்டார். பால் மெக்கார்ட்னி மார்ச் கடைசியில் போனார். ஜான் லென்னனும் ஜார்ஜ் ஹாரிஸனும் ஏப்ரலில் கிளம்பியபோது லென்னனுக்குக் குருவின் மேல் கசப்பு. அதைப் பாட்டாகவே எழுதி, பிறகு குருவின் பெயரை மட்டும் எடுத்துவிட்டு 'செக்ஸி சேடி' ஆக்கினார்.

பத்திரிகைகளுக்கு இந்தக் கசப்புதான் செய்தி. எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. அங்கே ஸ்டூடியோ இல்லை. ஒலிநாடாவைப் பின்னோக்கி ஓட்டிப் பார்க்க எந்திரம் இல்லை. ஆர்கெஸ்ட்ரா இல்லை. இருந்தவை தனித்தனி அறைகள், மின்சாரம் வேண்டாத கிட்டார்கள், நிறையப் பொழுது. உடன் வந்திருந்த பாடகர் டோனவன், விரல்களால் நரம்புகளைத் தனித்தனியாகச் சுண்டும் ஒரு முறையை லென்னனுக்குக் கற்றுக்கொடுத்தார். 'டியர் ப்ரூடன்ஸ்', 'ஜூலியா' இரண்டிலும் அந்த விரல்களைக் கேட்கலாம். முன்னது, தியானத்தில் அமிழ்ந்து அறையைவிட்டு வெளியே வராத ஒரு பெண்ணை விளையாட வரச்சொல்லிக் கூப்பிடும் பாட்டு.

இங்கே 'பாதிப்பு' என்ற நம் பழைய தகராறுக்கு ஓர் உதாரணம் கிடைக்கிறது. ஹாரிஸன் 1965இலிருந்தே சிதாரைப் பாடல்களில் சேர்த்து வந்தவர். 1968 ஜனவரியில் பம்பாய் ஸ்டூடியோவில் இந்தியக் கலைஞர்களை வைத்தே 'தி இன்னர் லைட்' பாட்டின் இசையைப் பதிவு செய்தார். ஆனால் இந்தியாவில் வாரக்கணக்கில் வாழ்ந்து எழுதிக் கொண்டுபோன பாடல்களாலான இந்தத் தட்டில் ஓர் இடத்தில்கூடச் சிதார் இல்லை. இந்தியாவைக் காதால் தேடுகிறவனுக்கு ஏமாற்றம்தான். வெளியூர்ப் பெயர் நாலு வந்தால் பாதிப்பு, வராவிட்டால் சுயம் என்று கவிதையை எடை போடுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும். ஒரு இடம் கலைஞனுக்குத் தருவது தன் சத்தத்தை மட்டுமல்ல. அவனை அவனோடு விட்டுவைப்பதையும் தரும். ரிஷிகேசம் தந்தது அதைத்தான். அங்கே எழுதப்பட்டவை பெரும்பாலும் ஒவ்வொருவனும் தன் அறையில் தனக்காக எழுதிக்கொண்ட பாட்டுகள்.

ஊர் திரும்பியதும், மே மாதக் கடைசியில், லண்டனுக்குப் பக்கத்தில் ஈஷரில் ஹாரிஸனின் வீட்டில் கூடிப் பாடல்களை வரைவாகப் பதிந்துகொண்டார்கள். பிறகு அக்டோபர் நடுவரை ஸ்டூடியோ. அங்கேதான் விரிசல். ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக் ஜூலையில் சகிக்க முடியாமல் விலகிப் போனார். ஆகஸ்டில் ரிங்கோவே கோபித்துக்கொண்டு போய்ச் சுமார் இரண்டு வாரம் கழித்துத்தான் திரும்பினார். அவர் இல்லாத நாட்களில் 'பேக் இன் தி யு.எஸ்.எஸ்.ஆர்.' பாட்டுக்கு மெக்கார்ட்னி டிரம்ஸ் வாசித்தார். 'ப்ளாக்பேர்ட்' மெக்கார்ட்னி தனியாக, கிட்டாரும் கால் தாளமுமாக. 'ஜூலியா' லென்னன் தனியாக. 'குட் நைட்' பாட்டில் ரிங்கோவின் குரலும் ஆர்கெஸ்ட்ராவும் இருக்கின்றன, மற்ற மூவர் இல்லை. தன் கிட்டார் பாட்டை மற்றவர்கள் பொருட்படுத்தவில்லை என்று கண்ட ஹாரிஸன், வெளியாள் எரிக் கிளாப்டனை வாசிக்கக் கூட்டிவந்தார். ஆள் வந்ததும் மற்றவர்கள் ஒழுங்காக நடந்துகொண்டார்களாம். விருந்தாளி முன்னால் சண்டை போடாத குடும்பம் நமக்குத் தெரியாததா?

1968 நவம்பர் 22 அன்று தட்டு வெளிவந்தது. 30 உருப்படிகள், ஒன்றரை மணி நேரம். ஓவியர் ரிச்சர்ட் ஹாமில்டன் அட்டையை வெறும் வெள்ளையாக விட்டார். குழுவின் பெயர் மட்டும் மேடாக அழுத்தப்பட்டிருந்தது. பிரதிக்குப் பிரதி வரிசை எண். தட்டுக்கும் வேறு தலைப்பு இல்லை, குழுவின் பெயர்தான். விற்பனையில் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம். விமர்சனத்தில் இரண்டு கட்சி. லண்டனில் டோனி பாமர் ஷூபர்ட்டுக்குப் பிறகு இவர்கள்தான் என்றே எழுதினார். இன்னொரு கட்சி, இது சிதறல், கேலி நகல்களின் மூட்டை, 1967இன் 'சார்ஜன்ட் பெப்பர்' தட்டில் இருந்த ஒருமை இதில் இல்லை என்றது. தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினே, வேண்டாததைக் கழித்து ஒற்றைத் தட்டாகப் போட்டிருக்க வேண்டும் என்ற அபிப்பிராயம் கொண்டவர். அரை நூற்றாண்டாக இந்தத் தட்டின் ரசிகர்கள் விளையாடும் விளையாட்டும் இதுவே: எந்தப் பதினைந்தை வைத்துக்கொள்வாய்?

இந்த ஒருமை என்ற சொல்லோடுதான் எனக்கு வழக்கு. 'சார்ஜன்ட் பெப்பர்' தட்டின் ஒருமை, முதலில் ஒரு பாண்டுக்குழு வேஷம், கடைசிக்கு முன்னால் மறுபடி அதே வேஷம் என்பதைத் தாண்டி அதிகம் போவதில்லை. இந்தத் தட்டில் வேஷம் கலைந்திருக்கிறது. நாலு பேர் நாலு பேராகத் தெரிகிறார்கள். அதைக் குறை என்று முடிவு செய்ய, ஒரு படைப்புக்கு ஒரே குரல்தான் இருக்கவேண்டும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

ஒருமையை வலிந்து தேடிய வேறொரு வாசகனும் இதற்கு வாய்த்தான். கலிபோர்னியாவில் சார்லஸ் மேன்ஸன் என்பவன் இந்தத் தட்டு முழுவதையும் தனக்கு வந்த ஒரே செய்தியாகக் கேட்டான். 'ஹெல்டர் ஸ்கெல்டர்' என்பது இங்கிலாந்துப் பொருட்காட்சிகளில் பிள்ளைகள் சுற்றிச் சுற்றிச் சறுக்கி இறங்கும் கோபுரம். அவனுக்கு அது வரப்போகும் நிறவெறி யுத்தம். 1969 ஆகஸ்டில் அவன் கூட்டத்தார் லாஸ் ஏஞ்சல்ஸில் செய்த கொலைகளும், வழக்கில் அரசுத் தரப்பு இந்தப் பாடல்களை எடுத்துவைத்ததும் ஊர் அறிந்தவை. ஒருமை இல்லையே என்று வருந்திய விமர்சகரையும் இவனையும் ஒரே தட்டில் வைப்பது அநியாயம். வைக்கவில்லை. ஆனால் பலவாக இருப்பதைப் பலவாகவே இருக்கவிடாத ஒரு பொறுமையின்மை இரண்டு இடத்திலும் இருக்கிறது. ஒருவர் அதனால் சலித்தார். மற்றவன் பைத்தியம் முற்றினான்.

நமக்கு இந்தச் சிக்கல் இருந்திருக்கக் கூடாது. நம்முடையது தொகை மரபு. புறநானூற்றைத் தொகுத்தவர் பெயர் தெரியாது, தொகுப்பித்தவர் பெயரும் தெரியாது. அதுவும் ஒரு வெள்ளை அட்டைதான். உள்ளே அரசனும் பாணனும் கைம்பெண்ணும் அவரவர் குரலில் பேசுகிறார்கள். யாரும் ஒருமை இல்லை என்று அதைத் தள்ளவில்லை. சைத்தில்யத்துக்குச் சப்பைக்கட்டு கட்டுகிறேன் என்று சொல்லலாம். இந்தத் தட்டில் சோடை உண்டு. 'வைல்ட் ஹனி பை' இல்லாவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் தொகுப்பு வேலை இங்கே நடக்கவில்லை என்பது பொய். அக்டோபரில் லென்னனும் மெக்கார்ட்னியும் மார்ட்டினும் ஏறக்குறைய ஒரு முழு நாள் உட்கார்ந்து 30ஐயும் வரிசைப்படுத்தினார்கள். பறவை, பன்றி, ரக்கூன் என்று பிராணிப் பாட்டுகள் அடுத்தடுத்து வருகின்றன. எட்டு நிமிஷத்துக்கு மேல் ஓடும் 'ரெவல்யூஷன் 9' ஒலிக்குப்பையை அடுத்துத் தாலாட்டாக 'குட் நைட்'. அந்தத் தாலாட்டு தனியே கேட்டால் திகட்டும். அந்த இரைச்சலுக்குப் பிறகு கேட்டால் நெஞ்சை அடைக்கிறது. தொகுப்பவன் கத்தியை எடுப்பதற்கு முன்னால் செய்யவேண்டிய வேலை இது: எதன் பக்கத்தில் எதை வைப்பது.

2018இல் ஈஷர் வரைவுகள் 27 முறையாக வெளிவந்தன. அவற்றைத்தான் நண்பன் கைபேசியில் போட்டான். சிரிப்பு, கைதட்டல், ஒருவன் பாட்டுக்கு மற்றவன் பின்குரல். பிரிந்துகொண்டிருந்தவர்கள் என்று நம்பிவந்தவர்கள் ஒரே அறையில் சந்தோஷமாக இருக்கிறார்கள். தனித்தனியாக எழுதியது அவர்களைப் பிரிக்கவில்லை என்று அன்றிரவு எனக்குப் பட்டது. எல்லாம் ஒன்றாக ஒலிக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தம் வந்த இடத்தில்தான் கசந்தது.

இப்போது காரணம். 1984இல் நாங்கள் நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு கவிதைத் தொகுப்புப் போட்டோம். தொகுத்தவன் நான். தேவனூர் நாட்டு நண்பன் அப்போது 8 பக்கத்துக்கு ஒரு நீள்கவிதை கொடுத்திருந்தான். பேச்சும் விளம்பரமும் ரேஷன் கடைக் கணக்கும் அறுந்து அறுந்து வரும் கவிதை. மற்ற மூவரும் எழுதிக்கொண்டிருந்தது சின்ன, இறுக்கமான கவிதைகள். தொகுப்பின் ஒருமை கெடுகிறது என்று அதை எடுத்துவிட்டேன். அவன் மறுக்கவில்லை. மதிப்புரையில் தொகுப்பின் ஒருமையைப் பாராட்டினார்கள். அதன் பிறகு அவன் எழுதவில்லை.

புறநானூற்றில் வன்பரணர் இந்த மலையின் தலைவன் ஓரியைப் பாடியிருக்கிறார். ஓரி அள்ளிக் கொடுத்ததில் பசி தீர்ந்த பாணர்கள் ஆட முடியாமல் போனார்கள், பாட்டையும் மறந்தார்கள் என்கிறது ஒரு செய்யுள். ஏன் எழுதுவதில்லை என்று ஒருவழியாக நான் கேட்டபோது நண்பன் அதைத்தான் எடுத்துக்கொண்டான்.

"நான் ஓரியோட மலையில இருக்கேன்ப்பா. மிளகு குடுத்தான், பலா குடுத்தான். பாட்டு மறந்துபோச்சு."

சிரித்தான். நானும் சிரித்தேன். அவனை மறக்கடித்தது ஓரி அல்ல என்று இருவருக்கும் தெரியும்.

'ரெவல்யூஷன் 9' வந்தபோது நான் வழக்கம்போல் தள்ளிவிடக் கையை நீட்டினேன். "ஓடட்டும்" என்றான். முதல் தடவையாக முழுதும் கேட்டேன். நல்ல படைப்பா என்று இப்போதும் என்னால் சொல்ல முடியவில்லை. அவனுடைய நீள்கவிதையும் நல்ல கவிதையா என்று தெரியாது. ஏனென்றால் அதை நான் ஒரு கவிதையாகப் படிக்கவே இல்லை; பக்கத்துக் கவிதைகளோடு ஒத்துப்போகிறதா என்று மட்டும் பார்த்தேன். அதன் பக்கத்தில் எதை வைக்கலாம் என்று ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை.

அவனிடம் இருந்த பிரதியைச் செல் அரித்துவிட்டது. என்னிடம் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஊருக்கு வந்ததிலிருந்து பழைய பெட்டிகளைக் கிளறிக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால், அவனைக் கேட்டுக்கொண்டு, ஒரு வரியும் குறைக்காமல் இந்தப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன். போடுவதும் போடாததும் ஆசிரியர் இஷ்டம். இதழின் மற்றக் கவிதைகளோடு அது சேருகிறதா என்று மட்டும் பார்க்க வேண்டாம்.