யாரும் கேட்காத வேலை

சென்ற மாதம் நாமக்கல்லில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். லாரிக்குப் 'பாடி' கட்டும் பட்டறைகள் நிறைந்த பகுதியில் இருக்கிறது அவர் வீடு. அவருடைய மகனுக்கு இருபத்தொரு வயதிருக்கும். கல்லூரிப் படிப்பை முடித்துவிட்டு சர்க்கார் பரீட்சை ஒன்றுக்குத் தயார் செய்துகொண்டிருக்கிறான். பட்டறையில் கழித்துப்போட்ட பலகைத் துண்டுகளையும், டப்பாவின் அடியில் மிஞ்சிப்போன பெயிண்டையும் கேட்டு வாங்கி வந்து, மொட்டைமாடியில் உட்கார்ந்து படம் எழுதுவது அவனுடைய பொழுதுபோக்கு. ஒரு பலகையைக் கொண்டுவந்து காட்டினான். நாமக்கல் மலை, அதன் அடியில் வெள்ளரிப்பிஞ்சு விற்கும் ஒரு கிழவி. கிழவி நன்றாக வந்திருந்தாள். மலைதான் சற்று இட்லி மாதிரி இருந்தது.

"எங்கிட்ட ஒரு பைசா கேக்கறதில்லீங்க, அதுல குத்தமில்லை. ஆனா படிக்கிற நேரம் போகுதுங்களே" என்றார் தகப்பனார்.

பையன் பலகையைத் திருப்பிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, "ஏனுங்க ஐயா, இது வீண் வேலைதானுங்களா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்விக்குச் சட்டென்று பதில் சொல்லிவிட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் கேள்வி பிறந்த ஊரிலேயே பதிலும் இருக்கிறது என்று தோன்றியது. அவன் வீட்டிலிருந்து சிறிது தூரத்தில், நூலகமாகவும் நினைவு இல்லமாகவும் இன்று விளங்கும் வீட்டில் வாழ்ந்த ஒருவர் தம் வாலிபத்தை இதே கேள்வியோடு கழித்திருக்கிறார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையைத்தான் சொல்கிறேன். ஊருக்குத் திரும்பியதும் அவருடைய 'என் கதை'யை மறுபடி எடுத்துப் படித்தேன். படித்தபின் தோன்றியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

1888-ஆம் ஆண்டு அக்டோபர் 19-ஆம் தேதி, காவிரிக் கரையிலுள்ள மோகனூரில் பிறந்தவர் அவர். அப்போது அது சேலம் ஜில்லா. தகப்பனார் போலீஸ் ஏட்டு. மகன் திருச்சியில் கல்லூரிப் படிப்பு படித்தார். நாமக்கல் தாலுகா ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தார். பிறகு ஆரம்பப் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயராக இருந்தார். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு அன்று திறந்திருந்த கதவுகள் இவை. இரண்டிலும் அவர் நிலைக்கவில்லை. நிலைத்தது படம் எழுதும் பழக்கம் ஒன்றுதான்.

நாமக்கல் மலையைக் குடைந்து செய்த கோயிலில் இரணியனைப் பிளக்கும் நரசிம்மரையும், பூமியை ஏந்தும் வராகரையும், காலை உயர்த்தி உலகளக்கும் திரிவிக்கிரமரையும் பார்த்தவர்களுக்குத் தெரியும். உருவம் எழுத ஆசைப்படுகிற பையனுக்கு அதைவிடப் பெரிய பள்ளிக்கூடம் தேவையில்லை. சம்பளமும் கட்ட வேண்டியதில்லை.

இவர் ஓவியராக இருந்த கதையை நம்மவர்கள் சொல்கிறபோது எப்போதும் ஒரு பதக்கத்தில் கொண்டுபோய் முடிப்பார்கள். 1911 டிசம்பரில் டில்லியில் நடந்த முடிசூட்டு தர்பாரையொட்டி, ஐந்தாம் ஜார்ஜ் மன்னரை எழுதித் தங்கப் பதக்கம் பெற்றார் என்பது அந்தக் கதை. உண்மைதான். 'பார்த்தாயா, பொழுதுபோக்கு வீண் போகவில்லை' என்று பிள்ளைகளுக்குச் சொல்ல வசதியான உண்மை. ஆனால் இருபது வருஷம் கழித்து, 1932-ல், அதே மன்னருடைய ஆட்சி அவரை ஓராண்டு சிறையில் வைத்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பதக்கத்தை அளவுகோலாக வைத்துக்கொண்டால் சிறையை என்ன செய்வது? அந்தப் படத்துக்காக இன்று யாரும் அவரை நினைப்பதுமில்லை. ஆகவே, பதக்கத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தப் பழக்கம் அவருடைய எழுத்துக்கு என்ன செய்தது என்று பார்ப்பதே விமரிசகன் வேலை.

உருவப்படம் எழுதுகிறவனுக்கு ஒரு நிபந்தனை உண்டு. படத்தைப் பார்த்தவுடன் வீட்டிலுள்ள பாட்டி, "அட, நம்ம பெரியவர்!" என்று சொல்ல வேண்டும். சொல்லவில்லையானால் வர்ணத்தின் நயத்தைப் பற்றி எத்தனை பேசினாலும் பயனில்லை. இந்த நிபந்தனைக்குக் கட்டுப்பட்டுக் கை பழகிய ஒருவர் பாட்டு எழுத உட்கார்ந்தால் எப்படி எழுதுவார்? 1930 ஏப்ரலில் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு ராஜாஜியின் தலைமையில் உப்பெடுக்க நடந்த தொண்டர்களுக்கு அவர் எழுதிக் கொடுத்த பாட்டைப் பாருங்கள். ஆயுதமும் உதிரமும் இல்லாத யுத்தம் என்ற புதிய விஷயத்தை, நடந்துகொண்டே பாடுகிறவன் ஒரே தடவை கேட்டு மனத்தில் வாங்கிக்கொள்ளும்படி சொல்கிறது அது. அவருடைய கவிதையை 'வெறும் எளிமை' என்று தள்ளுகிறவர்கள் உண்டு. அந்த எளிமை தானாக வந்து விழுந்ததல்ல என்பது என் கட்சி. சாயல் தப்பக்கூடாது என்று வருஷக்கணக்காகக் கோடு போட்டுப் பழகியதன் பலன் அது.

இதே பழக்கம் அவருக்கு ஒரு எல்லையையும் போட்டுவிட்டது. காசு கொடுத்துப் படம் எழுதச் சொல்கிறவர் தம் முகத்தில் நிழல் விழுவதை விரும்பமாட்டார். நெற்றியில் வெளிச்சம், சட்டையில் மடிப்பு, பார்வையில் கௌரவம் எல்லாம் சரியாக இருக்க வேண்டும். கவிஞருடைய கதைமாந்தர்களில் நல்லவர்கள் பெரும்பாலும் இப்படி நேருக்கு நேர் நின்று வெளிச்சம் வாங்கியவர்கள்தான். 'மலைக்கள்ளன்' கதை 1954-ல் படமாக வந்து தமிழகமெங்கும் ஓடியது. பிறகு வேறு மொழிகளுக்கும் போயிற்று. அந்தக் கதையின் விறுவிறுப்பு முழுவதும் 'இந்த முகம் யாருடையது?' என்ற ஒரே கேள்வியில் இருக்கிறது. முகமூடி விலகியதும் உள்ளே இருப்பவர் பத்தரைமாற்றுத் தங்கம். அந்தத் தங்கத்துக்குள் ஏதாவது கலக்கம் உண்டா என்று ஆசிரியர் கேட்பதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது.

இந்தக் குறை 'என் கதை'யில் இல்லை. அங்கே அவர் யாருக்கும் படம் எழுதிக் கொடுக்கவில்லை. தாம் பார்த்ததைப் பார்த்தபடி சொல்கிறார். கானாடுகாத்தானில் பாரதியாரைச் சந்தித்ததைச் சொல்லும் பகுதி ஒன்று போதும். பாரதிக்கு அவரை ஓவியர் என்றுதான் அறிமுகம் செய்துவைத்தார்கள். 'நீர் எம்மைச் சித்திரத்தில் எழுதும், நாம் உம்மைப் பாட்டில் எழுதுகிறோம்' என்கிற தோரணையில் பாரதி வேடிக்கையாகப் பேசினாராம். பிறகுதான் இவர் பாட்டும் கட்டுவார் என்று தெரிந்து, பாடச் சொல்லிக் கேட்டுத் தட்டிக்கொடுக்கிறார். அன்றைக்கு இராமலிங்கத்துக்குச் சோறு போட்டது படம்; பாட்டு வெறும் பொழுதுபோக்கு.

அவர் வாழ்க்கையை இந்த இடத்தில் நிறுத்திப் பார்த்தால் எனக்கு ஒன்று புலப்படுகிறது. பையனாக இருந்தபோது படிப்பு கடமை, படம் பொழுதுபோக்கு. படம் தொழிலானதும் பாட்டு பொழுதுபோக்காயிற்று. 1949-ல் சென்னை மாகாண அரசு அவரை அரசவைக் கவிஞராக்கியபோது பாட்டும் பதவியாகிவிட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் அவரிடமிருந்து உயிரோடு வெளிவந்தது, அந்தச் சமயத்தில் யாரும் அவரிடம் கேட்காத வேலைதான். பொழுதுபோக்கின் மதிப்பு இதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். அது ஒருநாள் சம்பளம் தரும் என்பதற்காக அதைக் காப்பாற்ற வேண்டியதில்லை. மனிதனிடம் உலகம் கேட்பதற்கு மேலேயும் கொஞ்சம் சரக்கு இருக்கிறது என்று அவனுக்கே தெரிவிப்பது அது ஒன்றுதான்.

இப்போது பொழுதுபோக்கையும் பெட்டியில் போட்டு விற்கிறார்கள். வர்ணம், தூரிகை, கோடு போட்ட துணி, எந்தக் கட்டத்தில் எந்த வர்ணம் என்ற எண் உட்பட எல்லாம் தயார். காசு கொடுத்தால் தப்பே வராது. தப்பே வராத இடத்தில் கை எதைக் கற்றுக்கொள்ளும்? பட்டறைப் பலகையில் ஆணித்துளை இருக்கும். அதை மறைக்க ஒரு காக்கையை எழுதியாக வேண்டும். மிச்சப் பெயிண்டில் லாரிப் பச்சைதான் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வயலைக் காட்டியாக வேண்டும். கையில் பணமில்லாதவனுக்கு இந்த நெருக்கடியே ஆசான்.

நண்பருக்கும் அவர் மகனுக்குமாக ஒரே கடிதம் எழுதினேன். பரீட்சைக்குப் படிக்கட்டும்; அதில் எனக்குத் தகப்பனார் பக்கமே ஓட்டு. ஆனால் மாலையில் ஒரு மணி நேரம் மொட்டைமாடி அவனுடையதாக இருக்கட்டும். அங்கே என்ன நடக்கிறது, அதனால் என்ன லாபம் என்று வீட்டில் யாரும் கேட்க வேண்டாம். பையனுக்குத் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தேன்: கிழவியைத் தொடாதே; மலையை மட்டும் இன்னொரு தடவை அடிவாரத்தில் நின்று பார்த்துவிட்டு எழுது.

பதில் வந்தது. பரீட்சையைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. மலையை மூன்று தடவை எழுதிவிட்டானாம்; இன்னும் சரியாக வரவில்லையாம்.